மருத்துவமனை வளாகத்துக்கு ஒரே குளிர்நீர் நிலையம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒத்துவருமா?

தருமபுரியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பல மருத்துவமனைகள் சேர்ந்த ஒரு பெரிய வளாகத்துக்கு ஒரே இடத்திலிருந்து குளிர்நீரும் நீராவியும் குழாய் வழியாகப் போகின்றன என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் போன்ற பெரிய வளாகங்களில், அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, மகப்பேறு கட்டடம், ஸ்கேன் மையம், கல்லூரி, விடுதி எல்லாவற்றுக்கும் அப்படி ஒரே நிலையம் அமைத்தால் ஆதாயம் உண்டா, அல்லது இப்போது நடப்பதைப் போலக் கட்டடத்துக்குக் கட்டடம் ஏ.சி. மாட்டிக்கொள்வதே போதுமா என்பது அவருடைய சந்தேகம்.

என் பதில், ஆதாயம் உண்டு என்பதே. ஆனால் தண்ணீரைக் குளிர வைக்கும் ‘சில்லர்’ இயந்திரத்தை எந்த நிறுவனத்தில் வாங்குவது, எத்தனை டன் திறனில் வாங்குவது என்று தொடங்கினால் அந்த ஆதாயம் கைக்கு வராது. நம் பக்கத்தில் முதலில் கேட்க வேண்டியது, சில்லர் வெளியேற்றும் வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கி ஆகாயத்துக்கு விடும் கூலிங் டவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது. அடுத்து, கட்டடங்களிலிருந்து திரும்பி வரும் குளிர்நீர் எத்தனை டிகிரியில் வரும் என்பது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது ஒப்பந்தப்புள்ளி விஷயம்தான். ஓசூர் தொழிற்சாலைகளிலும் பிறகு மருத்துவமனைகளிலும் சில்லர் பிளாண்ட் பார்த்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஹூஸ்டனைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் எனப்படும் அந்த வளாகத்துக்குக் குளிர்நீரும் நீராவியும் தரும் நிலையம் 1969இல் தொடங்கப்பட்டது. அதன் குளிர்விக்கும் திறன் 1,20,000 டன். 2010இல் அங்கே 48 மெகாவாட் மின் உற்பத்தி அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். எரிவாயு டர்பைன் மின்சாரம் தருகிறது, அதன் சூடான புகையிலிருந்து நீராவி எடுக்கப்படுகிறது. 150 அடி உயரமும் 100 அடி விட்டமும் உள்ள ஒரு குளிர்நீர்த் தொட்டியும் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 3.3 கோடி லிட்டர் தண்ணீர் கொள்ளும். 2001 ஜூனில் அலிசன் புயல் வெள்ளம் வந்தபோது அந்த வளாகத்து மருத்துவமனைகளின் அடித்தளங்களில் தண்ணீர் புகுந்து, மின்சாரம் போய், நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. அதன் பிறகு செய்த பாதுகாப்பு வேலைகளின் பலன் 2017இல் ஹார்வி புயலின்போது தெரிந்தது. ஊரே வெள்ளத்தில் நின்றபோதும் இந்த நிலையத்தின் சப்ளை நிற்கவில்லை. இந்தியாவில் இப்படிப் பல கட்டடங்களுக்குப் பொதுவாகக் குளிர்நீர் தரும் முதல் அமைப்பு குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் அமைந்தது. அங்கே பெரும்பாலும் அலுவலகங்கள். மருத்துவமனையின் கதை வேறு.

எப்படி வேறு என்றால், அலுவலகம் இரவில் உறங்கிவிடும், மருத்துவமனை உறங்காது. இரவு இரண்டு மணிக்கும் ஐ.சி.யூ.வுக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் ரத்த வங்கிக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்கும் குளிர்ச்சி வேண்டும். அறுவை அரங்குக்குக் குளிர்ச்சியைவிடக் காற்றின் தூய்மை முக்கியம். மணிக்கு 20 முறையாவது அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும், அதில் 4 முறையாவது வெளிக்காற்றாக இருக்க வேண்டும், கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே போக வேண்டுமே தவிர வெளியிலிருந்து உள்ளே வரக்கூடாது. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். புதுக்காற்றை உள்ளே கொண்டுவராது, நுண்கிருமிகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைக்கவும் அதில் வழியில்லை. ஆகவே அறுவை அரங்குக்கு ஏ.எச்.யூ. எனப்படும் காற்று கையாளும் கருவி கட்டாயம் தேவை, அதற்குக் குளிர்நீர் கொடுப்பதே முறையான வழி. காசநோய் போன்ற காற்றில் பரவும் நோயுள்ளவர்களுக்கான தனி அறையில் இதற்கு நேரெதிர். காற்று உள்ளே இழுக்கப்பட வேண்டும், மணிக்கு 12 முறை மாற வேண்டும், வெளியேறும் காற்று பாதுகாப்பாக வெளியேற வேண்டும். இவ்வளவையும் ஆங்காங்கே தனித்தனியாகச் செய்துகொண்டு, ஒவ்வொரு கட்டடத்து மொட்டை மாடியிலும் ஒரு சிறு சில்லரும் ஒரு பம்பும் வைத்துக்கொண்டால், பத்து இடங்களில் பத்துப் பேர் பார்க்க வேண்டிய பராமரிப்பாகிவிடும். நடைமுறையில் அந்தப் பத்துப் பேர் இருப்பதில்லை. ஒரே இடத்தில் நிலையம் இருந்தால் அங்கே இரவும் பகலும் ஆள் இருப்பார், மாற்று இயந்திரம் இருக்கும், குளிரூட்டி வாயு நோயாளிகள் இருக்கும் கட்டடங்களுக்குள் வராமல் பிளாண்ட் அறையோடு நின்றுவிடும். பொது நிலையத்துக்கு நான் ஆதரவாக இருப்பதற்கு முதல் காரணம் இதுவே; மின் சிக்கனம் அதற்குப் பிறகுதான்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். கணக்குக்காக 1,000 டன் உச்சத் தேவையுள்ள ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். உச்சத் தேவை கோடை மதியத்தில் சில மணி நேரம்தான் இருக்கும். நாள் முழுவதற்கும் சராசரியாக 500 டன் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 12,000 டன்-மணி குளிர்ச்சி தேவைப்படும். தண்ணீரால் குளிர்விக்கும் சில்லர் இந்த வெப்பத்தையும், தன் கம்ப்ரசர் சேர்க்கும் வெப்பத்தையும் கூலிங் டவர் வழியாக ஆகாயத்துக்கு அனுப்புகிறது. அதற்கு ஒவ்வொரு டன்-மணிக்கும் சுமார் 6 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவது தூய நீர் மட்டுமே. உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கி அடர்ந்துகொண்டே போகும். அந்த அடர்த்தியைக் கட்டுக்குள் வைக்க ஒரு பகுதித் தண்ணீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். மூலத் தண்ணீரின் உப்பைப் போல் நான்கு மடங்கு வரை அடர விடலாம் என்றால் வெளியேற்றம் 2 லிட்டர், ஆக மொத்தம் 8 லிட்டர். அப்படியானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 96,000 லிட்டர்.

நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் நான்கு மடங்கு எங்கே வரப்போகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் கடினத்தன்மையும் ஃபுளோரைடும் எப்படி என்பது ஊரறிந்தது. பல் கறை படிந்து, எலும்பு வளைந்து தலைமுறைகள் பாதிக்கப்பட்டதால்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வளவு கடினமான தண்ணீரை அப்படியே கூலிங் டவரில் விட்டால் இரண்டு மடங்கு அடரும்போதே சில்லரின் வெப்பத்தை டவர் நீருக்குக் கைமாற்றும் கண்டென்சர் குழாய்களில் சுண்ணாம்பு படியத் தொடங்கும். இரண்டு மடங்கோடு நிறுத்தினால், ஆவியாகும் 6 லிட்டருக்கு இன்னொரு 6 லிட்டரை வெளியே கொட்ட வேண்டும். 96,000 லிட்டர் என்பது 1,44,000 லிட்டராகிவிடும். கொட்டாமல் விட்டால் குழாய்க்குள் படியும் சுண்ணாம்பு வெப்பத்தைத் தடுத்து, கண்டென்சரின் வெப்பநிலை உயரும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் மின்சாரம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கூடும், கடைசியில் ஒரு மே மாத மதியத்தில் அழுத்தம் மிஞ்சி சில்லர் டிரிப் ஆகி நின்றுவிடும்.

தண்ணீர்ச் செலவே வேண்டாம், காற்றால் குளிர்விக்கும் சில்லரைப் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். போடலாம். அதற்கு ஒரு டன்னுக்கு 1.1 முதல் 1.2 கிலோவாட் வரை மின்சாரம் ஆகும். தண்ணீரால் குளிர்விக்கும் நிலையத்துக்கு டவர் விசிறி, பம்ப் எல்லாம் சேர்த்தும் 0.8 அளவில் முடியும். வித்தியாசம் 0.35 என்று வைத்தால், நமது எடுத்துக்காட்டு வளாகத்தில் நாளொன்றுக்கு 4,200 யூனிட். வேறு விதமாகச் சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றின் தண்ணீர் ஏறக்குறைய 525 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த நிர்வாகிக்கும் தினமும் எட்டு லாரி தண்ணீர் வாங்கிவிடலாம் என்று தோன்றும், பணக் கணக்கில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த எட்டு லாரி தண்ணீர் பக்கத்துக் கிராமத்தின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும். கோடையில் காலிக் குடத்தோடு காத்திருக்கும் ஊரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மருத்துவமனையைக் குளிர வைப்பதை என்னால் ஏற்க முடியாது. ஒகேனக்கல் குடிநீரை டவரில் விடுவதையும் அதே காரணத்தால் எதிர்க்கிறேன்.

நல்ல வழி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் தண்ணீர் என்பது கட்டட விதிகளின் அளவு. 1,000 படுக்கைகள் என்றால் 4.5 லட்சம் லிட்டர். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராக வெளியேறுகிறது என்று கொண்டால் 3.6 லட்சம் லிட்டர் கிடைக்கிறது. டவருக்கு வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுத்திகரிப்பு நிலையத்தின் நீரை மேலும் நுண்வடிகட்டியில் விட்டு, கிருமி நீக்கி, டவருக்குக் கொடுக்கலாம். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்காவிட்டால் வம்பு. ஒன்று அம்மோனியா; அது சரியாக நீங்காத நீர் கண்டென்சரின் செம்புக் குழாய்களை அரித்துவிடும். மற்றது பாஸ்பேட், அது சுண்ணாம்போடு சேர்ந்து படியும். ஆகவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் குளிர்நீர் நிலையத்தையும் ஒரே பொறியாளரின் பொறுப்பில், ஒரே ஒப்பந்தத்தில் வைப்பது நல்லது. தனித்தனி ஒப்பந்ததாரர் என்றால், குழாய் ஓட்டையான பிறகு ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதில் ஒரு கோடையே போய்விடும்.

கூலிங் டவர் என்றதும் லெஜியோனெல்லா கிருமியையும் சொல்லியாக வேண்டும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் தங்கியவர்களுக்கு வந்த மர்மக் காய்ச்சலால் வெளிப்பட்ட கிருமி அது. 2015இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கூலிங் டவரிலிருந்து பரவி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது, பலர் இறந்தார்கள். டவரின் சாரல் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போவதே இது பரவும் வழி. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களே கூடியிருக்கும் இடம் மருத்துவமனை. அதுவும் சுத்திகரித்த கழிவுநீரை டவரில் விடுகிறோம் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். சாரல் தடுப்பான், முறையான கிருமிநாசினி, குறித்த கால இடைவெளியில் ஆய்வகச் சோதனை ஆகிய மூன்றிலும் சமரசம் கூடாது. டவர் நிற்கும் இடமும் முக்கியம். நம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று பலமாக அடிக்கும். ஆகவே டவரை வளாகத்தின் கிழக்கு ஓரத்தில், அறுவை அரங்கின் புதுக்காற்று வாயிலிலிருந்து எட்ட வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்குக்கு மாறும் என்பதால் திசையை மட்டும் நம்பாமல் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இயற்கை நமக்குத் தரும் ஒரு சலுகையும் உண்டு: சென்னையைவிட இங்கே காற்றில் ஈரம் குறைவு, அதனால் அதே டவர் இங்கே இன்னும் குளிர்ந்த நீரைத் தரும், சில்லரின் மின்செலவு அந்த அளவு குறையும்.

அடுத்தது திரும்பி வரும் தண்ணீர். பெரும்பாலான வளாகங்களில் பணம் கரைவது இந்த இடத்தில்தான், யாரும் பேசாததும் இதைத்தான். நிலையத்திலிருந்து 7 டிகிரியில் தண்ணீர் போகிறது. கட்டடங்களின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 அல்லது 13 டிகிரியில் திரும்ப வேண்டும். 1,000 டன்னுக்கு 5 டிகிரி வித்தியாசத்தில் நொடிக்கு 168 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். வித்தியாசத்தை 9 டிகிரியாக்க முடிந்தால் 93 லிட்டர் போதும்; குழாய் சிறுக்கும், பம்ப் சிறுக்கும். பம்பின் மின்சாரம் ஓட்டத்தின் அளவைப் போல் மும்மடிப் பெருக்கில் ஏறி இறங்குவதால் அதில் கிடைக்கும் மிச்சம் சாதாரணமானதன்று. மாறாக, வித்தியாசம் 3 டிகிரியாகச் சுருங்கினால், அதே 168 லிட்டர் ஓட்டத்தில் கிடைக்கும் குளிர்ச்சி 600 டன்தான். சில்லர்கள் முழுச் சுமையில்லாமல் ஓடும், வார்டில் இருப்பவர்கள் புழுங்குவார்கள், குளிர்ச்சி போதவில்லை என்று சொல்லி இன்னொரு சில்லர் வாங்கக் கோப்பு நகரும்.

வித்தியாசம் ஏன் சுருங்குகிறது என்பதற்கு ஒரு காட்சி. ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், பிளாண்ட் அறைக்குப் போனபோது ஆபரேட்டர் தம்பி கையிலிருந்த லாக் புத்தகத்தைக் காட்டி, "ரிட்டர்ன் ஒன்பதரைதான் சார் வருது, மூணாவது மெஷினையும் போட்டுட்டேன், அப்பவும் மெடிக்கல் வார்டுல சூடுன்னு போன் வருது" என்றார். கட்டடம் கட்டடமாக ஏறிப் பார்த்தோம். பொது மருத்துவக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த ஏ.எச்.யூ. அறையில், குளிர்நீரைத் தேவைக்கேற்பத் திறந்து மூடும் வால்வின் மோட்டார் எப்போதோ எரிந்துபோயிருந்தது. மாற்று மோட்டார் வரும்வரை என்று யாரோ பக்கத்திலிருந்த பைபாஸ் வால்வை முழுவதும் திறந்து, அது தானாகத் திரும்பிவிடாமல் கைப்பிடியைக் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். துணி பழுப்பேறி, அதன் மேல் பனித்துளி கோத்திருந்தது. உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் இரு கைகளால் தொட்டால் இரண்டும் ஒரே குளிர். வடிகட்டியைக் கழற்றினால் துருவும் வெல்டிங் கசடும் அடைத்துக்கொண்டு, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலுக்குள் போக வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி காயிலைத் தொடாமலே பைபாஸ் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. வார்டின் குளிர்ச்சிக் குறையும், பிளாண்டின் வீண் ஓட்டமும் அந்த ஓர் அறையிலேயே சேர்ந்து இருந்தன. பிற கட்டடங்களிலும் இதே வகைக் குறைகள்; அவற்றைச் சரிசெய்த பின் மூன்றாவது சில்லர் மாற்று இயந்திரமாகவே நின்றது.

ஆகவே பொது நிலையம் அமைக்கும்போது ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒரு பி.டி.யூ. மீட்டர் வைக்கச் சொல்வேன். எவ்வளவு தண்ணீர் போனது, எத்தனை டிகிரியில் போய் எத்தனை டிகிரியில் வந்தது, எவ்வளவு குளிர்ச்சி எடுத்தது என்று அது காட்டும். அரசு வளாகத்தில் யாரும் யாருக்கும் பணம் கட்டப்போவதில்லையே, மீட்டர் எதற்கு என்பார்கள். எந்தக் கட்டடத்திலிருந்து தண்ணீர் குளிர்ந்தபடியே திரும்புகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை. காயிலுக்கு வேண்டாத தண்ணீரைக் குளிர்ந்தபடியே திருப்பி அனுப்பும் மும்முனை வால்வுகளை அறவே தவிர்த்து இருமுனை வால்வுகளைப் போட வேண்டும், அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் வகையானால் இன்னும் நல்லது. ஏ.எச்.யூ. காயில்களைத் தொடக்கத்திலேயே 8, 9 டிகிரி வித்தியாசத்துக்கு வடிவமைக்கச் சொல்ல வேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இயந்திரங்களைப் பொறுத்தவரை, நமது 1,000 டன் வளாகத்துக்கு 400 டன்னில் மூன்றும் 200 டன்னில் ஒன்றும் வைப்பேன். ஒரு 400 டன் படுத்துவிட்டாலும் மற்ற மூன்றும் சேர்ந்து முழு 1,000 டன்னைத் தரும். தை மாத இரவுகளில் தேவை மிகக் குறைந்துவிடும். அப்போது பெரிய சென்ட்ரிஃபியூகல் சில்லரை அந்தச் சிறு சுமைக்கு ஓட்டினால் உள்ளே வாயு முன்னும் பின்னும் அலைந்து உறுமும், பேரிங் கெடும். அந்த இரவுகளுக்காகத்தான் அந்த 200 டன். குளிரூட்டி வாயுவையும் யோசித்து வாங்க வேண்டும். கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றிருக்கிறது, 2032 முதல் புவியைச் சூடாக்கும் எச்.எஃப்.சி. வகைக் குளிரூட்டி வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்து 2047க்குள் நூற்றுக்கு 85 பங்கு குறைக்க வேண்டும். சில்லரின் ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் என்பதால் இன்று வாங்குவது அந்தக் காலத்துக்குள் நுழைந்தே தீரும்.

ஹூஸ்டனைப் போல ஒரு குளிர்நீர்த் தொட்டி நமக்கும் அவசியம் என்று நினைக்கிறேன், அளவு மட்டும் வேறு. 10 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் 7 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 2,000 டன்-மணி குளிர்ச்சியைச் சேமிக்கலாம். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும். திரும்பிவரும் வெதுவெதுப்பான நீர் மேலே நிற்கும். நடுவில் தடுப்பு எதுவும் தேவையில்லை. இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போது சில்லரை ஓட்டி நிரப்பிவைத்து மதியம் எடுத்தால், உயரழுத்த மின் இணைப்பின் உச்ச மின்தேவை (கே.வி.ஏ.) குறைந்து மாதந்தோறும் கட்டும் டிமாண்ட் கட்டணம் குறையும். அதைவிடப் பெரிய நன்மை மின்தடையின்போது தெரியும். டி.ஜி. செட் எனப்படும் டீசல் ஜெனரேட்டரில் எல்லா சில்லர்களையும் ஓட்டுவதென்றால் ஜெனரேட்டர் மிகப் பெரிதாக வேண்டும். தொட்டி இருந்தால் பம்பை மட்டும் டி.ஜி.யில் ஓட்டினால் போதும். அறுவை அரங்குக்கும் ஐ.சி.யூ.வுக்கும் மட்டும் 200 டன் என்றால், நிரம்பிய தொட்டி பத்து மணி நேரம் தாங்கும்.

வெப்பத்தின் பக்கம் நமக்குச் சிறியது. வெளிநாடுகளில் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கவே பெரும் நீராவி தேவைப்படும். ஓசூரின் மார்கழிக் குளிரும் அந்த அளவுக்கு இல்லை. நமக்கு வேண்டியவை நான்கு: கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், சலவை, சமையல், குளிக்கச் சுடுநீர். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் அறுவை அரங்கின் ஈரத்தை நீக்கக் காற்றை 12, 13 டிகிரி வரை குளிர வைத்து, பிறகு 20 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அதாவது ஒரே நேரத்தில் குளிரும் வேண்டும், சூடும் வேண்டும். பல இடங்களில் இந்த மறுசூட்டுக்கு மின்சார ஹீட்டரை வைத்துவிடுகிறார்கள். சில்லர் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான யூனிட் வெப்பத்தை டவரில் கொட்டிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் காசு கொடுத்து வெப்பம் வாங்குவது எனக்கு ஆறாத வருத்தம். நாளொன்றுக்கு 50,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 1,750 யூனிட் வெப்பம் போதும். நமது நிலையம் டவரில் விடும் வெப்பமோ நாளொன்றுக்கு 50,000 யூனிட் அளவு. சுடுநீருக்கு வேண்டியது அதில் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. வெப்பம் மீட்கும் ஹீட் பம்ப் ஒன்றைத் திரும்பிவரும் குளிர்நீர்க் குழாயில் வைத்தால், அது ஒரு பக்கம் குளிர்நீரும் மறு பக்கம் 60 டிகிரி சுடுநீரும் தரும், அந்த அளவுக்கு டவரின் தண்ணீரும் மிச்சமாகும். 60 டிகிரி என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா வளரும். சேமிப்புத் தொட்டி 60 டிகிரிக்குக் குறையக் கூடாது.

நீராவியை வளாகம் முழுவதும் குழாயில் அனுப்புவதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் பாய்லர் ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும், நீராவிக் குழாயில் தேங்கும் நீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப் ஒன்று கெட்டாலும் எவ்வளவு எரிபொருள் வீணாகும், தண்ணீர் சுத்திகரிப்பு தவறினால் பாய்லர் குழாய் என்ன ஆகும் என்று. ஆட்டோகிளேவுக்கு 121 அல்லது 134 டிகிரி நீராவி கட்டாயம் வேண்டும்தான். அதைக் கருவி சுத்திகரிப்புப் பிரிவின் பக்கத்திலேயே ஒரு சிறு பாய்லரில் தயாரித்துக்கொள்வது நல்லது. நெடுந்தூரம் போவது சுடுநீராக மட்டும் இருக்கட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015இல் தன் வளாகத்தின் நீராவி அமைப்பைக் கைவிட்டு, வெப்பம் மீட்கும் சில்லர்களுக்கும் சுடுநீர்க் குழாய்களுக்கும் மாறியது. அங்கே மருத்துவமனையும் அதே நிலையத்தில்தான் இணைந்திருக்கிறது. கழிவு வெப்பத்தில் இயங்கும் லித்தியம் புரோமைடு சில்லரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வீணாகும் நீராவி பக்கத்திலேயே தாராளமாகக் கிடைக்கும் இடத்துக்கு அது ஏற்றது. ஆனால் ஒரு டன்னுக்கு அது டவரில் விடும் வெப்பம் அதிகம், எனவே குடிக்கும் தண்ணீரும் அதிகம். நம் மாவட்டங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

குழாய் பதிப்பதில் இந்த மண்ணுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக்குள் வெடி வைக்க முடியாது, பிரேக்கர் வைத்து இடித்தால் சத்தமும் தூசியும் வார்டுக்குள் போகும். ஆகவே இன்சுலேஷன் போட்டே வரும் குழாய்களை இரும்புத் தாங்கிகளின் மேல், ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகும் உயரத்தில் கொண்டுபோவது செலவும் குறைவு, பழுது பார்க்கவும் வசதி. வறண்ட மாவட்டம்தானே என்று மின்பலகைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே வைத்துவிடவும் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதையும், சாலையோரம் நின்ற வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதையும் பார்த்திருக்கிறோம். அலிசன் புயலில் ஹூஸ்டன் பட்ட பாட்டுக்கு அடித்தளத்தில் இருந்த மின் அமைப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

நண்பரின் கேள்விக்கு நடைமுறை விடை இதுதான். முழு வளாகத்தையும் ஒரே மூச்சில் இணைக்க வேண்டாம். அறுவை அரங்கு, ஐ.சி.யூ., மகப்பேறு ஆகிய மூன்று கட்டடங்களை முதலில் இணையுங்கள். முதன்மைக் குழாயின் விட்டத்தையும் பிளாண்ட் அறையின் பரப்பையும் மட்டும் முழு வளாகத்துக்கு ஏற்ப இப்போதே விட்டுவையுங்கள், சில்லர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விடுதிக்கும் அலுவலகத்துக்கும் அவசரமே இல்லை. நல்ல காற்றோட்டமும் மின்விசிறியும் உள்ள பொது வார்டுகளை ஏ.சி.க்காக அடைத்து மூடுவதையும் நான் விரும்பவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மே மாத மதியத்திலும் ஜனவரி இரவிலும் ஒரு முறை சோதித்த பிறகே நிலையத்தை ஏற்றுக்கொள்வது, ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் தண்ணீர் 13 டிகிரிக்குக் குறையாமல் திரும்ப வேண்டும், குறைந்தால் சரிசெய்யும் செலவு ஒப்பந்ததாரருடையது என்பது. ஆட்களைப் பொறுத்தவரை, நம் ஊர் ஐ.டி.ஐ.க்களில் குளிர்பதனப் பிரிவு படித்து முடிக்கும் பிள்ளைகள் ஓசூர் ஆலைகளுக்குப் போய்விடுகிறார்கள், காரணம் சம்பளம். அவர்களில் நான்கைந்து பேரை ஆலை கொடுக்கும் சம்பளத்துக்கே மருத்துவமனை எடுத்து, சில்லர் நிறுவும் நாள் முதல் கூடவே நிற்கவைத்து, ஒவ்வொரு கட்டடத்து ஏ.எச்.யூ. அறையின் சாவியையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.